நத்தைக்கற்கள் நீந்திய அறுபது நாள்

அந்த வருஷம் சித்திரை மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில், கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்த கல், ஊறுகாய்ச் சட்டியின் மூடிமேல் பாரமாக வைத்த கல், மாட்டுக்கொட்டகைச் சுவரில் செங்கலோடு செங்கலாகச் சேர்த்துக் கட்டிய கல், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் பள்ளத்தில் அடுக்கடுக்காகப் புதைந்து கிடந்த கல் என்று எங்கள் கரம்பக்குறிச்சியில் எத்தனை நத்தைக்கல் உண்டோ அத்தனையும் வாய் திறந்து, உள்ளேயிருந்து கொத்தாகக் கைகளை வெளியே நீட்டி, கண்ணை உருட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, தரையை விட்டு எழும்பி, தண்ணீரில் மிதப்பதுபோல வெறும் காற்றில் மிதந்து தெருவுக்கு வந்தன.

நத்தைக்கல் என்று நாங்கள் சொல்வது ஆட்டுக்கொம்பைச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும் கல்லை. அரியலூருக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் எங்கே கடப்பாரை போட்டாலும் ஒன்று வரும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அது போய்விட்டது, அதிலிருந்த பிராணிகளின் ஓடுதான் இப்படிக் கல்லாகிவிட்டது என்று யார் யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியா என்று கேட்டுக்கொண்டோமே தவிர, போன கடல் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் முழுசாக வரவில்லை. தண்ணீரை எங்கேயோ விட்டுவிட்டு பிராணிகள் மட்டும் வந்திருந்தன.

முதல் நாள் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இரண்டாம் நாள் பால் கறக்க வேண்டியிருந்ததால் திறந்தோம். மூன்றாம் நாள் ரேஷன் கடை வரிசையில் எங்களுக்கு நடுவே நாலைந்து மிதந்து நின்றபோது, கொஞ்சம் தள்ளு என்று கையால் ஒதுக்கிவிட்டுச் சர்க்கரை வாங்கினோம். அவை பின்பக்கமாகவே நீந்தின, போகிற இடத்தைப் பார்க்காமல் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போய் மின்கம்பத்தில் முட்டிக்கொண்டன. பனைமரத்து உச்சிக்கு மேலே ஒரு சாண்கூட எழும்பவில்லை. அதுதான் பழைய கடலின் மட்டம் என்று பேசிக்கொண்டோம். அதற்குப் பிறகு மொட்டைமாடியில் வத்தல் காயவைக்கும் பெண்கள்கூட, நாம் தண்ணீருக்கு அடியில்தானே இருக்கிறோம் என்று நினைத்து அவ்வப்போது மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

கோயில் குருக்கள், இவை சாளக்கிராமம்தானா என்று ஒன்றை மடியில் வைத்துப் பார்த்தார். அது அவர் வேட்டி முழுக்கக் கருநீல மையைக் கக்கிவிட்டு எழும்பிப் போனது. சாளக்கிராமம் மை கக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை, அந்தக் கறையைத் தீட்டென்று துவைப்பதா பிரசாதமென்று வைத்துக்கொள்வதா என்றும் தெரியவில்லை. மாதா கோயில் பங்குச் சாமியார் மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வைத்தியலிங்கம், இவற்றைக் கால்நடை என்று பதிவதா மீன் என்று பதிவதா என்று கேட்டுத் தாலுகா ஆபீஸுக்கு எழுதியதற்கு மட்டும் பதில் வந்தது. மறு உத்தரவு வரும்வரை எதையும் தொடக்கூடாது என்றது அந்தப் பதில். ஆனால் அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது உத்தரத்தடியில் குடிவந்து எங்கள் தோளைத் தொட ஆரம்பித்திருந்தது.

எங்களை உண்மையாகவே குழப்பியது அவை வந்தது அல்ல, வந்தபடியே இருக்காததுதான். ஒன்பது நாளுக்கு ஒருமுறை, கொடிக்கயிற்றிலும் ஓட்டுக்கூரையின் அடியிலும் கசகசாபோல் முட்டையிட்டுவிட்டுப் பெரியவை சத்தமில்லாமல் சாய்ந்தன. பொரிந்து வந்தவை தாயைப்போல் இருக்கவில்லை. முதலில் வந்தவை வழுவழுப்பான சின்னச் சுருள்கள். அவற்றின் பிள்ளைகளுக்கு ஓட்டில் வரிவரியாகப் புடைப்பு வந்தது, பேரப்பிள்ளைகளுக்கு முள்ளும் குமிழும் முளைத்தன. நாலாம் தலைமுறை லாரி டயர் அளவுக்கு வளர்ந்ததால் தெருவில் எதிரெதிரே இரண்டு வந்தால் நாங்கள் வீட்டுக்குள் ஏறி வழிவிட வேண்டியிருந்தது. ஒன்றைப் பழகிப் பெயர் வைத்து முடிப்பதற்குள் அது வேறொன்றாகிவிடும். ஐந்தாம் தலைமுறைக்குச் சுருளவே மறந்துபோயிற்று. ஒன்று தூண்டில்முள்போல் வளைந்திருந்தது, ஒன்று அவிழ்க்க முடியாத முடிச்சுபோல் இருந்தது, ஒன்று கைத்தடிபோல் நேராக நின்றது. இது முன்னேற்றமா கோளாறா என்று டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம்.

இவை தின்றது என்னவென்றால், ஓட்டிடுக்கு வழியாக விழும் வெயிலில் மினுமினுக்கிற துகளைத்தான். அவை வந்த அன்றே அந்தத் துகளும் வந்திருந்தது. தூசிபோலத்தான் தெரியும், ஆனால் தூசி இல்லை, உயிருள்ளது, உற்றுப் பார்த்தால் துடிக்கும். எள்ளளவு இருக்கும் குஞ்சுகளுக்கு வேறெதுவும் வாயில் நுழையாது. அவை வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக நிற்கும். அந்த அழகைப் பார்க்கவே நாங்கள் உடைந்த கூரையோடுகளை மாற்றாமல் விட்டிருந்தோம்.

இனி கொளஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொளஞ்சி சுரங்கத்தில் வெடி வைக்கிறவன். ஐம்பத்தொரு வயது. வெடி லைசென்ஸ் எங்கள் ஊரில் அவன் ஒருவனிடம்தான் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எச்சரிக்கைச் சங்கு ஊதுவதற்கு முன்பே ஒரு வெடி வெடித்துவிட்டது. அப்போது வேலையில் இருந்தது இரண்டு பேர், அந்தோணியும் கொளஞ்சியும். அந்தோணி செத்துப்போனார். கொளஞ்சிக்கு இடது காது மட்டும் போயிற்று. விசாரணையில் எதைக் கேட்டாலும் தெரியாது தெரியாது என்றே சொன்னான். தெரிந்துதான் முன்கூட்டியே மேலே ஏறி வந்திருக்கிறான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அந்தோணியின் மனைவி சகாயராணி எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் இருந்துகொண்டு பத்தொன்பது வருஷமாக அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க நேர்ந்தால் குடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தக் கொளஞ்சியின் கேட்காத காதுப்பக்கத்தில், கைத்தடி மாதிரி நேரானது ஒன்று வந்து நின்றுகொண்டது. அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்தது, சைக்கிளில் போனால் கூடவே போனது. யாராவது இடதுபக்கத்திலிருந்து கூப்பிட்டால் அது ஒரு கையால் அவன் கன்னத்தைத் தொடும், அவன் திரும்பிப் பார்ப்பான். எங்கள் தெருவில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த நாட்களில் கொஞ்சம் கூடிப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். அது திரும்பிப் பார்க்கவைக்கிறதா என்று சோதிக்கத்தான் கூப்பிட்டோம், ஆனாலும் கூப்பிட்டோம்.

சுரங்கம் முதல் நாளிலிருந்தே நின்றுபோயிருந்தது. ஊரிலேயே ஆழமான இடம் அந்தப் பள்ளம்தான் என்பதால் அவற்றில் பாதி பகலெல்லாம் அங்கேதான் அடைந்து கிடந்தன, அவற்றுக்கு நடுவே எப்படி வெடி வைப்பது? ஆனால் நாற்பத்தைந்து நாள் வேலை இல்லாமல் இருந்து பார்த்தால் தெரியும், அழகு ஒரு வேளைச் சோற்றுக்கு ஆகாது. நாற்பத்தாறாம் நாள் ஆலமரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டோம். தப்படித்து, தகரம் தட்டி, பள்ளத்திலிருந்து எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, ஒரே ஒரு வெடி வைத்துப் பார்ப்போம் என்று தலைவர் சொன்னார். சரி என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எல்லோரும் தூக்கினோம். சகாயராணியும் தூக்கினாள். தூக்காதவன் கொளஞ்சி மட்டும்தான்.

"ஏம்ப்பா கொளஞ்சி, நீ தூக்கலையா?" என்றார் தலைவர்.

"எனக்கு ஒண்ணும் தோணலைங்க. நீங்க எல்லாம் சொன்னா வைக்கிறேன்."

"சொல்லிட்டோமேப்பா."

"அப்ப வைக்கிறேன்."

நாற்பத்தெட்டாம் நாள் மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கு ஊதினார்கள், கொளஞ்சி வெடி வைத்தான். பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை என்று மூன்றுமுறை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினான். ஒன்றுகூடச் சாகவில்லை. சாயங்காலம் எல்லாம் வழக்கம்போல மிதந்தன, நாங்கள் கறி எடுத்துச் சமைத்தோம்.

வெடி வைத்த மூன்றாம் நாள் காலையில் ஓட்டிடுக்கில் வெயில் விழுந்தது, ஆனால் வெயிலுக்குள் எதுவும் மினுங்கவில்லை. துகளெல்லாம் சாம்பலாகித் தரையில் உப்பு கொட்டியதுபோல் படிந்து கிடந்தது. கூட்டிப் பார்த்தோம், மறுபடியும் விழுந்தது. குஞ்சுகள் வெயில் விழுகிற இடத்தில் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. பால் ஊற்றினோம், மாவைத் தூவினோம், மெல்லிய துணியில் பொட்டுக்கடலையைச் சலித்து ஊதிப் பார்த்தோம். பெண்கள் தங்கள் பிள்ளைக்குக் கொடுக்கிற பாலைப் பஞ்சில் நனைத்து நீட்டினார்கள். எள்ளளவு வாய்க்கு எதுவும் போகவில்லை. குஞ்சுகள் போயின. பெரியவை ஒன்பது நாள் கணக்கு முடிந்ததும் வழக்கம்போல் சாய்ந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. மேலேயிருந்து விழும்போதே கல்லாகி விழுந்து கூரையோடுகளை உடைத்தன. அறுபதாம் நாள், ஒன்பது நாள் கணக்கையும் மீறிக் கொளஞ்சியின் காதுப்பக்கத்தில் நின்றிருந்தது, அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக இறங்கிப் படுத்துக்கொண்டது. அதுதான் கடைசி.

என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. சிலர் குழி தோண்டிப் புதைத்தார்கள், அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போவதுபோல் இருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார்கள். சிலர் மாலை போட்டார்கள். மாதா கோயிலில் துக்கமணி அடித்தார்கள், எத்தனை முறை அடிப்பது என்று தெரியாமல் கை வலிக்கிறவரைக்கும் அடித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து கொளஞ்சியைப் பார்த்தோம்.

யாரும் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். அவன் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சு காலியாகும். கை தூக்கியது ஞாபகம் இல்லாமல் இல்லை, ஆனால் கை தூக்கியது ஐந்நூறு பேர், பொத்தானை அழுத்தியது ஒருவன். ஐந்நூறு பேரைப் பழிசொல்ல யார் இருக்கிறார்கள்?

திருச்சியிலிருந்து கல்லூரிப் பேராசிரியை ரெஹானா பேகம் வந்து இரண்டு நாள் தங்கி, கல்லாகி விழுந்த ஓடுகளை அளந்து பார்த்தார். வெடியால் இது நடக்கவில்லை என்றார். முன்னொரு தடவையும் இப்படித்தான் போயின, அப்போது இங்கே வெடியும் கிடையாது, மனுஷனும் கிடையாது என்றார். அப்படியென்றால் எதனால் என்று தலைவர் கேட்டார்.

"பூமிக்கு அந்தப் பக்கத்துல வானத்துலேருந்து ஒரு பெரிய கல்லு விழுந்துச்சுன்னு சொல்றாங்க. மேல வெயில் மறைஞ்சு, கடல் மட்டத்துல இருந்த துகளெல்லாம் செத்துப்போச்சு. இதோட குஞ்சுங்க அதை நம்பித்தான் இருந்துச்சு. நம்ம தேசத்துலயே ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"இந்தத் தடவை எங்கேம்மா கல்லு விழுந்துச்சு?"

அவர் கையிலிருந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். "தெரியலைங்க," என்றார். "எனக்கு நிஜமாவே தெரியல." அன்று சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டார். அவர் கொளஞ்சிமேல் தப்பில்லை என்றது எங்களுக்குச் சௌகரியமாக இல்லாததால் அதை மறந்துவிட்டு, தெரியல என்றதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அதற்கு ஒரு மாதம் கழித்துச் சகாயராணியின் கொல்லைக் கிணற்றில் வாடை வந்தது. எழுபதடி ஆழமுள்ள பழைய கிணறு, இறைப்பு நின்று பல வருஷம் ஆகிறது. விழுந்த ஓடுகள் உள்ளே நிறையக் கிடக்கும் என்று அவள் வாளியை விட்டு அள்ளினாள். மேலே வந்த வாளிக்குள் ஒன்று உயிரோடு இருந்தது.

அது எங்களுடையதைப்போல் இல்லை. முள் இல்லை, வரி இல்லை, முடிச்சு இல்லை. வெள்ளை ஓட்டில் செம்மண் குழைத்துத் தீற்றியதுபோல் நாலு கோடு. கண்ணும் கண்ணாக இல்லாமல் ஊசியால் குத்திய ஓட்டைபோல் இருந்தது. அது அந்த ஓட்டை வழியாகச் சகாயராணியைப் பார்த்ததா இல்லையா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது கிணற்றின் அடியில் இருபது முப்பது தெரிந்தன. சுவரில் பலாக்கொட்டை அளவுக்கு ஏழெட்டு முட்டை ஒட்டியிருந்தது. எல்லாம் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே விழுந்து கல்லாகாமல் மிச்சமிருந்த எங்கள் பிராணிகளின் சதையைத்தான் தின்றுகொண்டிருந்தன.

எங்களுக்கு வந்த கோபத்துக்கு இன்றைக்கும் எங்களிடம் காரணம் இல்லை. எங்களுடையவை கன்னத்தைத் தொட்டன, ரேஷன் வரிசையில் நின்றன, ஒன்பது நாளுக்கு ஒருமுறை புதுசாக வந்து எங்களை ஆச்சரியப்படுத்தின. அவையெல்லாம் போய்விட்டன. இந்த மந்தமான பிணந்தின்னிகள் ஒன்றும் செய்யாமல், ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல், கிணற்றடியில் இருந்தபடியே பிழைத்துவிட்டன. பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினோம். அவள் கிணறு என்பதால் அவளே கொட்டட்டும் என்று தள்ளி நின்றோம். காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். சகாயராணி மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கொளஞ்சி தெருவைத் தாண்டி வந்தான். எதிர்வீடுதான், பத்தடி தூரம்தான், அதைத் தாண்ட அவனுக்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "வேணாம் அண்ணி," என்றான்.

நாங்கள் எல்லோரும் அவள் குடத்தை விட்டுவிட்டுப் போவதுபோல் போய்விடுவாள் என்று பார்த்தோம். அவள் போகவில்லை.

"எல்லாம் செத்துப் போச்சு," என்றாள், மூட்டையைப் பார்த்துக்கொண்டே. "அவ்வளவு அழகானதெல்லாம் செத்துப் போச்சு. இது மட்டும் எப்படி இருக்குது? என்னா தெரிஞ்சுக்கிட்டு இது கீழ போய் உக்காந்துச்சு?"

"ஒண்ணும் தெரியாது அண்ணி. கெட்டிக்காரத்தனமெல்லாம் இல்ல. அன்னைக்குக் கீழ இருந்துச்சு, அவ்வளவுதான்."

"நீ அன்னைக்கு மேல இருந்தியே."

கொளஞ்சி கேட்காத காதைக் கையால் தேய்த்துக்கொண்டான். சொல்லமாட்டான் என்றுதான் நினைத்தோம்.

"அண்ணன் தண்ணி கேட்டாரு. எடுத்தாரேன்னு ஏறினேன். பானைகிட்ட போனதும் ஒரு பீடி பத்த வச்சேன். பாதி குடிச்சுட்டுப் போயிருக்கணும். முழுசும் குடிச்சேன். கடைசி இழுப்பு இழுக்கறப்போ வெடிச்சுடுச்சு. விசாரணையில பீடியைப் பத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

சகாயராணி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. கூட்டல் தப்பாக வருகிற கணக்கைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"தண்ணியா கேட்டாரு?"

"ஆமா அண்ணி."

"அவரு தண்ணியே குடிக்கமாட்டாரேடா. வீட்டுல நான் சொம்பை நீட்டிக்கிட்டே நிப்பேன், ஒரு மடக்கு குடிச்சுட்டு வச்சுடுவாரு. இருபது தடவை சொல்லணும்."

"அன்னைக்குக் கேட்டாரு."

"ஏன் கேட்டாரு?"

"தெரியல அண்ணி. வெயிலா இருந்துச்சு."

அதற்குமேல் அதில் கேட்க ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு பெரிய காரணத்தை அவன் பத்தொன்பது வருஷம் எதிர்வீட்டில் வைத்துப் பூட்டியிருப்பதாக நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம், திறந்தால் உள்ளே ஒரு பீடியும் ஒரு சொம்புத் தண்ணீரும்தான் இருந்தன. எங்களுக்கு ஏமாற்றமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா?

சகாயராணி பிளீச்சிங் பவுடர் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைப் பொடி அவள் புடவையெல்லாம் பறந்தது, இருமினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் வாளிக்குள் அந்த நாலு கோட்டுப் பிராணி கைகளை மெல்ல நீட்டி வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"கிணத்துல செத்ததெல்லாம் தீரப்போவுது," என்றாள். "இன்னும் நாலு நாளைக்கு வரும். அதுக்கப்புறம் இது என்னாத்தத் தின்னும்?"

"தெரியல அண்ணி."

"எதைக் கேட்டாலும் தெரியல, தெரியல. தெரியலன்னா போய்க் கேட்டுட்டு வாடா. சும்மா நிக்கிற?"

கொளஞ்சி சரி என்று தலையாட்டிவிட்டுக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். வழிவிட்டு நின்றோம், ஆனால் அவன் எங்களைத் தாண்டிப் போகவில்லை. முன்னால் நின்ற தலைவரிடம் போய், இது என்னங்க தின்னும் என்று கேட்டான். பிறகு அவருக்குப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டான், அவருக்குப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டான், வரிசையாக ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே நின்று, வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான். எங்களுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதற்காவது நாங்கள் அவனிடம் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.